ஆற்றுத் தண்ணீரைச் சோதிக்கத் தொடங்குகிறவருக்கு: நொய்யல் கரையிலிருந்து சில குறிப்புகள்

வீட்டுக்கு ஆர்.ஓ. மெஷின் விற்க வருகிறவர் முதலில் இரண்டு கண்ணாடி டம்ளர் கேட்பார். ஒன்றில் நம் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர் பையிலிருந்து எடுத்த பாட்டில் தண்ணீர். கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னக் கருவியை இரண்டிலும் இறக்கி சுவிட்சைப் போடுவார். கொஞ்ச நேரத்தில் நம் டம்ளர் பழுப்பாகி, அடியில் சேறு மாதிரி படியும். அவருடைய டம்ளர் அப்படியே இருக்கும். "இதைத்தாம்மா இத்தனை நாளா குடிச்சிருக்கீங்க" என்பார். வீட்டில் எல்லோருக்கும் குமட்டும்.

அந்தச் சேறு தண்ணீரில் இருந்தது இல்லை. இரும்புக் கம்பி அரித்து இறங்கிய துரு. உப்பு கரைந்த தண்ணீரில் மின்சாரம் ஓடும், கம்பி கரையும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவு என்பதால் ஓடாது. நம்பிக்கை இல்லையென்றால் அவருடைய பாட்டில் தண்ணீரில் சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடி கம்பியை வைக்கச் சொல்லுங்கள், அதுவும் பழுத்துவிடும்.

தண்ணீர் சோதிக்கக் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் நான் முதலில் இந்தக் கதையைத்தான் சொல்வேன். கையில் உள்ள கருவி எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்கவே முடியாது என்று தெரியாமல் எடுத்த அளவு நம்மையும் ஏமாற்றும், ஊரையும் ஏமாற்றும்.

முதலில் ஆற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்

மீட்டர் வாங்குவதற்கு முன்னால் உங்கள் ஆற்றுக்குள் என்ன வந்து சேர்கிறது என்று விசாரியுங்கள். நொய்யலையே எடுத்துக்கொள்வோம். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊரருகே காவிரியில் சேர்கிறது. கோவையைத் தாண்டும்போது ஊர்ச் சாக்கடை சேரும். திருப்பூரில் சாயக்கழிவும் சேரும்.

சாயக்கழிவு என்றால் நிறம்தான் எல்லோர் கண்ணிலும் படுகிறது. உண்மையான தொல்லை உப்பு. பனியன் துணி பருத்தி. அதில் சாயம் பிடிக்க வேண்டுமென்றால் சாயத்தொட்டியில் உப்பைக் கொட்டியாக வேண்டும். அந்த உப்பு துணியில் தங்காது, அலசும் தண்ணீரோடு முழுக்க வெளியே வந்துவிடும். நிறத்தை எடுத்துவிட்டு உப்பை அப்படியே விடுகிற சுத்திகரிப்புதான் வெகுகாலம் நடந்தது. பாசனத்துக்காகக் கட்டி 1992இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கும் குட்டையாகி, "எங்களுக்குத் தண்ணீர் தேக்கவே வேண்டாம்" என்று விவசாயிகளே சொல்லும்படி ஆனது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் உத்தரவிட்டது. அது நடக்காததால் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. இந்த உத்தரவுகளுக்கு அப்புறம்தான் ஆர்.ஓ.வும் ஆவியாக்கும் கொதிகலன்களும் பரவலாக வந்தன.

ஆக நொய்யலுக்கு முதல் கேள்வி உப்பு, அடுத்தது சாக்கடை. பாலாற்றங்கரை என்றால் கேள்வியே வேறு. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் ஆலைகள் இருப்பதால் உப்போடு குரோமியத்தையும் தேட வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரியில் ஆலையே வேண்டாம். பாறையே ஃபுளோரைடைத் தருகிறது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் கிணறுகளில் உரமும் மலக்குழியும் தரும் நைட்ரேட். கேள்வி மாறினால் கருவியும் மாறும்.

பையில் என்ன இருக்க வேண்டும்

கடத்துதிறனும் (தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்பது) டிடிஎஸ்ஸும் (கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) காட்டும் ஒரு பேனா மீட்டர். தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். மீட்டர், இல்லையென்றால் பி.எச். தாள். தெர்மாமீட்டர். மூடி இறுக்கமான ஒரு லிட்டர் பாட்டில்கள் நான்கைந்து. ரப்பர் கையுறை, கயிறு கட்டிய வாளி, ஐஸ் போட்ட தெர்மோகோல் பெட்டி, அழியாத மார்க்கர், நோட்டு. அவ்வளவுதான். கரைந்த ஆக்சிஜன் மீட்டர் விலை கூடுதல். அதற்குப் பதிலாகச் சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் கிட் கிடைக்கும், தொடக்கத்துக்கு அது போதும்.

மீட்டரைப் பற்றி ஒரு விஷயம். அது உப்பை எடை போடுவதில்லை. மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்து, அதை ஓர் எண்ணால் பெருக்கி டிடிஎஸ் என்று காட்டுகிறது. அந்தப் பெருக்கும் எண் சில மீட்டரில் 0.5, சிலவற்றில் 0.7. இது தெரியாமல் நான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். பழைய மீட்டர் தண்ணீரில் விழுந்து போனதும் வேறு கம்பெனி மீட்டர் வாங்கினேன். ஒரே வாரத்தில் ஆற்றில் உப்பு 1000இலிருந்து 1400க்கு ஏறிவிட்டதாகக் காட்டியது. நாலு பேருக்கு போன் செய்து பதறியும் விட்டேன். ஆறு மாறவே இல்லை. பெருக்கும் எண்தான் மாறியிருந்தது. அதிலிருந்து நோட்டில் கடத்துதிறனைத்தான் எழுதுகிறேன், மைக்ரோசீமன்ஸ் கணக்கில். டிடிஎஸ் வேண்டுமென்றால் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம்.

மாதத்துக்கு ஒருமுறையாவது மீட்டரைச் சரிபாருங்கள். 1413 மைக்ரோசீமன்ஸ் என்று எழுதிய சரிபார்ப்புக் கரைசல் சின்னப் பாட்டிலில் விற்கிறது. அதில் கொஞ்சம் டம்ளரில் ஊற்றி மீட்டரை நனைத்தால் 1413ஐ ஒட்டி வர வேண்டும். பயன்படுத்தியதைப் பாட்டிலில் திரும்ப ஊற்றாதீர்கள். பி.எச். மீட்டருக்கு 4, 7 என இரண்டு கரைசல்.

இடமும் நேரமும்

ஓர் இடத்து அளவு மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. குறைந்தது மூன்று இடம் வேண்டும்: கழிவு சேருமுன், சேர்ந்தபின், அங்கிருந்து இன்னும் கீழே. நொய்யல் முழுவதற்கும் என்றால் கோவைக்கு மேலே சித்திரைச்சாவடி அணைக்கட்டு, கோவையைத் தாண்டி ஓர் இடம், திருப்பூருக்குள் நுழையுமுன் ஒன்று, தாண்டியபின் ஒன்று, ஒரத்துப்பாளையம் என்று ஐந்து வைத்துக்கொள்ளலாம். தனி ஆளாக அத்தனை தூரம் அலைய முடியாது. உங்கள் ஊர்ப் பாலத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, பக்கத்துத் தோட்டத்துக் கிணறு ஒன்று போதும். ஆற்றை விடக் கிணறு மெதுவாகத்தான் மாறும், ஆனால் மாறினால் எளிதில் திரும்பாது. அதனால் கிணற்றை விட்டுவிடாதீர்கள்.

சாக்கடை வந்து சேரும் வாயிலேயே எடுக்காதீர்கள். அங்கே இரண்டு தண்ணீரும் கலக்காமல் ஒரே ஆற்றில் இரண்டு வரியாக ஓடும். கொஞ்சம் கீழே, நன்றாகக் கலந்த இடத்தில் எடுங்கள்.

நேரத்தில் பலர் கோட்டை விடுகிறார்கள். பாசி பிடித்த தண்ணீரில் பகல் முழுக்க வெயில் பட்டால் பாசியே ஆக்சிஜனை விடும். மதியம் மூன்று மணிக்கு அளந்தால் ஆறு நல்ல ஆரோக்கியமாகத் தெரியும். இரவெல்லாம் அதே பாசி ஆக்சிஜனைத் தின்னும். விடியற்காலையில் மீன் செத்து மிதப்பது பல நேரம் இதனால்தான். எனவே ஆக்சிஜன் பார்ப்பதென்றால் விடியலில் பாருங்கள். முடியாவிட்டால் எந்த நேரமோ, அதே நேரத்தில் எப்போதும் பாருங்கள். மழை பெய்த கையோடு ஒருமுறை, மழை நின்று வாரம் கழித்து ஒருமுறை கூடுதலாக எடுத்தால் நல்லது. மழையோடு மழையாகக் கழிவைத் திறந்துவிடுகிறார்கள் என்பது கரையோர விவசாயிகள் வெகுநாளாகச் சொல்லும் புகார். இரண்டு அளவையும் பக்கத்தில் வைத்தால் அது உங்கள் ஊரில் உண்மையா என்று தெரிந்துவிடும்.

தண்ணீர் மொள்ளும் முறை

தனியாகப் போகாதீர்கள். கையுறை போடுங்கள், காலில் புண் இருந்தால் தண்ணீரில் இறங்கவே வேண்டாம். எலிக்காய்ச்சல் அப்படித்தான் ஒட்டும். பட்டறை வளாகத்துக்குள் நுழையாதீர்கள். பொதுவழி, பாலம், பொது ஆற்றங்கரை, இதற்குள் நில்லுங்கள்.

கரையோரத்தில் தேங்கிய தண்ணீர் வேண்டாம். நீரோட்டம் உள்ள நடுப்பகுதிக்கு வாளியை வீசுங்கள், அல்லது முழங்கால் ஆழத்துக்குள் என்றால் நின்றபடி எடுங்கள். நின்றால் உங்கள் கால் கலக்கிய சேறு பாட்டிலுக்குள் வராதபடி நீர் வரும் திசையைப் பார்த்து நில்லுங்கள். பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, அலசியதைப் பின்பக்கம் கொட்டுங்கள். பிறகு பாட்டிலைக் கவிழ்த்தபடி ஒரு சாண் ஆழத்துக்கு இறக்கி, அங்கே வாயைத் திருப்பி நிரப்புங்கள். மேலே மிதக்கும் நுரையும் எண்ணெய்ப் படலமும் வேண்டாம். ஆனால் அவை இருந்தன என்று நோட்டில் எழுதுங்கள்.

கிருமிச் சோதனைக்கு மட்டும் விதி வேறு. பரிசோதனைக் கூடத்தில் தரும் கிருமி நீக்கிய பாட்டிலை அலசவே கூடாது. மூடியின் உள்பக்கம் விரல் படக் கூடாது. வாய்வரை நிரப்பாமல் கொஞ்சம் இடம் விட்டு மூடி, ஐஸில் வைத்து, அன்றைக்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

கடத்துதிறன், பி.எச்., வெப்பநிலை மூன்றையும் கரையிலேயே பார்த்துவிடுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து டீ குடித்துவிட்டுப் பார்த்தால் அது ஆற்றின் அளவாக இருக்காது.

நோட்டில் என்ன எழுத வேண்டும்

தேதி, மணி, இடம், முந்தைய மூன்று நாளில் மழை உண்டா, தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது, நிறம், நாற்றம், நுரை, அப்புறம் எண்கள். "தண்ணீர் மோசம்" என்று எழுதாதீர்கள். "கத்திரிப்பூ நிறம், பாலத்துக்குக் கீழே இருபதடி நுரை, அழுகிய முட்டை நாற்றம்" என்று எழுதுங்கள்.

தண்ணீர் ஓடும் அளவையும் சேர்த்து எழுதினால் நோட்டின் மதிப்பு பல மடங்கு கூடும். அதற்கு ஓர் ஆரஞ்சுப் பழம் போதும். கரையில் பத்து மீட்டர் அளந்து இரண்டு குச்சி நடுங்கள். பழத்தை மேல் குச்சிக்குச் சற்று முன்னால் தண்ணீரில் போட்டு, இரண்டு குச்சிக்கும் நடுவே போக எத்தனை விநாடி என்று பாருங்கள். இருபது விநாடி என்று வைத்துக்கொள்வோம்: விநாடிக்கு அரை மீட்டர். மேல்மட்டத் தண்ணீர் எப்போதும் கொஞ்சம் வேகமாக ஓடும், அதனால் 0.85ஆல் பெருக்குங்கள்: 0.425. ஆறு மீட்டர் அகலம், சராசரி நாற்பது சென்டிமீட்டர் ஆழம் என்றால் 6 × 0.4 × 0.425. விநாடிக்கு ஏறக்குறைய ஆயிரம் லிட்டர். அதில் டிடிஎஸ் லிட்டருக்கு 1500 மில்லிகிராம் என்றால் விநாடிக்கு ஒன்றரைக் கிலோ உப்பு போகிறது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய 130 டன். பத்து டன் லாரியில் பதின்மூன்று லோடு! மீட்டரில் 1500 என்று பார்த்தபோது இப்படித் தோன்றவில்லை, இல்லையா? மழைக்காலத்தில் டிடிஎஸ் இறங்கியதும் "ஆறு சுத்தமாகிவிட்டது" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். தண்ணீர் கூடியிருக்கும், உப்பு குறைந்திருக்க வேண்டும் என்பதில்லை.

எண்களை எதோடு ஒப்பிடுவது

குடிநீருக்கு இந்தியத் தர அளவு ஐ.எஸ். 10500. டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம்வரை நல்லது. வேறு தண்ணீரே இல்லாத ஊரில் 2000வரை பொறுத்துக்கொள்ளலாம். பி.எச். 6.5 முதல் 8.5. நைட்ரேட் 45, அதற்கு மேல் சலுகையே கிடையாது. ஃபுளோரைடு 1, வேறு வழியில்லையென்றால் 1.5. ஈ.கோலி என்ற மலக்கிருமி நூறு மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஆற்றில் குளிக்கும் அளவுக்காவது தண்ணீர் இருக்க வேண்டுமானால் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது, பி.ஓ.டி. (அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்கள் தின்னும் ஆக்சிஜன்) 3க்கு மேல் போகக் கூடாது.

டிடிஎஸ் 150 என்று காட்டும் தண்ணீரில் காலரா இருக்கலாம், ஆர்சனிக் இருக்கலாம், பூச்சிமருந்து இருக்கலாம். மீட்டர் வாயே திறக்காது. கிருமிக்கு எச்2எஸ் குப்பி என்று ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. தண்ணீரை ஊற்றி ஒரு நாள், இரண்டு நாள் வைத்தால் மலக்கிருமி இருக்கும் தண்ணீர் கறுத்துவிடும். உலோகங்களுக்கு வீட்டில் வழியில்லை. குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட அளவில் பரிசோதனைக் கூடங்கள் இருக்கின்றன. கட்டணம் கட்டிக் கொடுக்கலாம். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் கள ஆய்வுக் கிட் பயிற்சி தரச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் ஊரில் அந்தக் கிட் பஞ்சாயத்து அலுவலக பீரோவில் தூங்குகிறதா என்று விசாரித்துப் பாருங்கள்.

இன்னொரு மீட்டர் ஆற்றுக்கு அடியிலேயே இருக்கிறது. ஒரு கூழாங்கல்லைப் புரட்டுங்கள். கல்லில் ஒட்டிக்கொண்டு, மூன்று வால் நீட்டிய தட்டையான பூச்சிக் குஞ்சுகள் இருந்தால் தண்ணீரில் ஆக்சிஜன் நன்றாக இருக்கிறது. சேற்றில் ரத்தச் சிவப்பாக நெளியும் புழுக்கள் மட்டும் இருந்தால் ஆக்சிஜன் மிகக் குறைவு. நம் ரத்தத்தைச் சிவப்பாக்கும் ஹீமோகுளோபின் போன்ற பொருள் அவற்றுக்கும் இருப்பதால்தான் அங்கே பிழைக்கின்றன. நீங்கள் போன அந்த நிமிடத்தை மட்டும் மீட்டர் சொல்லும். இந்தப் பூச்சிகள் கடந்த சில வாரத்துக் கதையைச் சொல்லும். நள்ளிரவில் திறந்துவிட்ட கழிவுக்கும் சாட்சி அவைதான்.

சுத்தம் செய்வது

எந்த அழுக்குக்கு எந்த மருந்து என்பதில் ஊரில் ஏகப்பட்ட குழப்பம். தேத்தாங்கொட்டையும் படிகாரமும் கலங்கலைத் தெளியவைக்கும். கிருமியை முழுதாக எடுக்காது, உப்பை எடுக்கவே எடுக்காது. காய்ச்சினால் கிருமி சாகும். நைட்ரேட்டும் உப்பும் தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கெட்டியாகும், கைக்குழந்தை உள்ள வீட்டில் இதை மறக்கவே கூடாது. ஃபுளோரைடுக்குப் படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்த நல்கொண்டா முறை உண்டு. உப்புக்கு ஆர்.ஓ.வைத் தவிர வீட்டில் வேறு எளிய வழி இல்லை. அதிலும் கழித்துவிடும் தண்ணீரில் உப்பெல்லாம் சேர்ந்திருக்கும். அதைக் கிணற்றடியிலேயே விட்டால் சுற்றி வந்து நம்மிடமேதான் சேரும்.

நீங்களே செய்யக்கூடியது கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர் போடுவது. பாதிப் பேர் பொட்டலத்தைப் பிரித்து அப்படியே கொட்டுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். முதலில் கிணற்றில் எத்தனை லிட்டர் என்று பாருங்கள்: விட்டம் × விட்டம் × தண்ணீரின் ஆழம் × 785, எல்லாம் மீட்டரில். மூன்று மீட்டர் விட்டம், நான்கு மீட்டர் தண்ணீர் என்றால் 28,260 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் என்ற கணக்கில் சுமார் 70 கிராம். அதை வாளியில் போட்டு, முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் களிம்பாகக் குழைத்து, பிறகு முக்கால் வாளி நிரப்பிக் கலக்குங்கள். பத்து நிமிடம் விடுங்கள். சுண்ணாம்பு அடியில் படியும். தெளிந்ததை மட்டும் இன்னொரு வாளிக்கு வடித்து, கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி, மேலும் கீழுமாக ஆட்டிக் கலக்குங்கள். அடியில் நிற்கும் சுண்ணாம்பு வேண்டாம். அது தண்ணீரைக் கடினமாக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் குளோரின் சோதனைக் கிட்டில் 0.5 மில்லிகிராம் காட்டினால் சரி. ஒன்றும் காட்டாவிட்டால் கிணற்றில் அழுக்கு அதிகம், குளோரினை அதுவே தின்றுவிட்டது என்று அர்த்தம்; மறுபடி போட வேண்டும். பழைய பொட்டலமாக இருந்தாலும் இப்படி ஆகும். இதை இரவில் செய்தால் காலைக்குள் தயாராகிவிடும்.

ஆற்றுக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை பிளாஸ்டிக் பொறுக்குவது நல்லதுதான், நானும் போவேன். ஆனால் கடத்துதிறன் ஒரு புள்ளிகூட இறங்காது. ஆகாயத்தாமரையை அகற்றினால் கரையிலேயே குவித்து வைக்காதீர்கள், அழுகி அத்தனை சத்தும் திரும்ப ஆற்றுக்கே போகும். ஆலைக்கழிவில் வளர்ந்ததை மாட்டுக்கும் போடக் கூடாது, உரமாகவும் ஆக்கக் கூடாது. உலோகத்தை உறிஞ்சி வைத்திருக்கும். தெருச் சாக்கடை ஓடை சிறியதாக இருந்தால், சேருமிடத்தில் ஜல்லி போட்டுச் சம்பும் கல்வாழையும் நட்டு வடிகட்டலாம். சாக்கடைக்கு அது கேட்கும், சாய உப்புக்குக் கேட்காது. நுண்ணுயிர் உருண்டை பிடித்துக் குளத்தில் எறியும் விழாக்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. வரும் வாயை அடைக்காமல் உள்ளே என்ன எறிந்தும் பயனில்லை.

வாயை அடைக்க வேண்டியவர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். இங்கே உங்கள் நோட்டுக்கு ஓர் எல்லை இருக்கிறது. 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி, ஆலைக் கழிவின் மாதிரியை வாரிய அதிகாரி முறைப்படி அறிவித்து எடுத்தால்தான் அது அந்த வழக்கில் சாட்சியாக நிற்கும். உங்கள் பாட்டில் நிற்காது. ஆனால் அதிகாரியை எந்த நாள், எந்த மணிக்கு, எந்தப் பாலத்துக்கு வரச்சொல்வது என்று உங்கள் நோட்டுக்குத்தான் தெரியும். "அடிக்கடி கழிவு விடுகிறார்கள்" என்று எழுதிய மனு பத்தோடு பதினொன்று. "கடந்த எட்டு வாரத்தில் ஐந்து வெள்ளிக்கிழமை இரவுகளில், பாலத்துக்கு மேலே 900 மைக்ரோசீமன்ஸ், கீழே 3,200" என்ற மனுவோடு போட்டோவும் அட்டவணையும் வைத்து மாவட்ட அலுவலகத்தில் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். நகலை மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்புங்கள். அங்கும் நகரவில்லை என்றால் சென்னையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போவது முக்கியம். அந்த ஆறு மாதக் கணக்குக்கும் நோட்டில் முதல் பக்கத்தில் போட்ட தேதிதான் உதவும். அதனால் இன்றைக்கே மேலே தேதி போட்டு, மணியும் போட்டு, முதல் வரியை எழுதிவிடுங்கள். மீட்டர் வந்து சேரும்வரை நிறமும் நாற்றமும் போதும்.